ஃப்ளெக்ஸில் ஆறடி

"இன்னும் கொஞ்சம் இழுலே. காலு குட்டையாத் தெரியுது பாரு."

காளீஸ்வரன் சொல்லச் சொல்ல, அவனுடைய அச்சகத்துக் கம்ப்யூட்டரில், சடங்கு ஃப்ளெக்ஸுக்கான படத்தில், மகள் சுகிர்தா நீண்டுகொண்டே போனாள். டிசைனர் ஜெயபாண்டி மவுஸை இழுத்த இழுப்பில் பட்டுப்பாவாடை நீண்டது, கழுத்து நீண்டது. பின்னால் அவன் மனைவி அருணாதேவி எக்ஸ்ரே கவரோடு நின்றாள்.

ஒரு வருடமாய் ஊரே கண் வைத்த வளர்த்தி. "பிள்ளைக்கு என்னத்தக் குடுக்கீக? புடலங்கா கணக்கா வளருதா!" என்று கேட்காத ஆளில்லை. கேட்கக் கேட்க அருணாதேவியும் பூரித்துத்தான் போனாள், போன மாதம் பிள்ளை பாத்ரூமுக்குள் அலறும் வரைக்கும். மதுரை டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பிள்ளைக்கு வயது எட்டு, எலும்புக்குப் பதினொன்று. பருவம் முந்திக்கொண்டதால் வந்த வேகம் இது. எலும்பு முனை சீக்கிரம் மூடிவிடும், அதோடு வளர்த்தியும் நின்றுவிடும். "இன்னைக்கு வகுப்புலயே உயரம், நாளைக்கு வகுப்புலயே குட்டைம்மா. மாசம் ஒரு ஊசி போட்டாப் பருவத்தைத் தள்ளிப் போடலாம். தாமதிக்காதீங்க."

"ஏங்க, ஊசிய முதல்ல போட்டுருவோம். சடங்கப் பெறகு வச்சுக்கிடலாம்."

காளீஸ்வரன் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "ஊசி போட்டா நின்னுரும்லா? நின்னு போனதுக்கு எவன் சடங்கு வைப்பான்? விஸ்வநத்தத்துலருந்து எம். புதுப்பட்டி வரைக்கும் கார்டு குடுத்தாச்சு. ஊசி போட்டு நிப்பாட்டுனாகன்னு தெரிஞ்சா நாளைக்கு இவள எவன் கட்டுவான்?"

"எட்டு வயசுங்க அவளுக்கு."

"ஏலே ஜெயபாண்டி, இன்னும் ஒரு இழு."

எக்ஸ்ரே கவர் பீரோ மேல் ஏறியது. அதன்மேல் தாய்மாமன் தனுஷ்கோடி கொண்டுவந்த சீர்ப் பெட்டிகள் ஏறின.

சடங்கன்று சுகிர்தாவுக்குப் பட்டுச்சேலை நிற்கவில்லை. இடுப்பைச் சுற்றி ஊக்குகளாய்க் குத்தி நிறுத்தியவள் அருணாதேவிதான். மேடையில் உட்கார்ந்து சலித்த பிள்ளை, கூட்டம் பந்திக்கு நகர்ந்த நேரம் பார்த்து வாசலுக்கு ஓடினாள். அங்கே ஆறடி சுகிர்தா சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டு வயதுக்காரி அதில் முதுகை ஒட்டி நின்று, உச்சந்தலையில் கையைத் தட்டையாய் வைத்து அளந்து, திரும்பிப் பார்த்தாள். கை ஃப்ளெக்ஸ்காரியின் மார்பைத் தாண்டவில்லை.

"அம்மா, நான் இம்புட்டு உசரம் எப்ப வருவேன்?"

அருணாதேவி வாயைத் திறக்கவும் தனுஷ்கோடி பத்தாயிரம் வாலாச் சரவெடியைக் கொளுத்தவும் சரியாக இருந்தது. வாசல் முழுக்கப் புகை. பிள்ளை காதைப் பொத்தவில்லை. பதிலுக்காக அம்மாவின் வாயையே பார்த்தாள். பிறகு ஃப்ளெக்ஸில் முதுகை ஒட்டிக்கொண்டு, சேலைக்கு அடியில் குதிகாலை மெல்லத் தூக்கினாள். சிவப்புக் காகிதத் துணுக்குகள் அவள் தலையில் வந்து விழுந்துகொண்டிருந்தன.