குஞ்சம்மாளின் தவளைப் பாட்டு

அடுப்பங்கரையில் குஞ்சம்மாள் தவளையாகத் தத்திக்கொண்டிருந்தபோது மாமியார் இருசம்மாள் உள்ளே வந்துவிட்டாள். வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகி, குத்துக்காலிட்டு, கன்னம் இரண்டையும் உப்பவைத்து, உரலைச் சுற்றி ஒரு தாவு. நிமிர்ந்தால் எதிரே மாமியார்.

"புருசன் போயி மூணு வருசம் ஆவல. தாலியறுத்தவளுக்கு என்னாடி குதியாட்டம்?"

"பரிச்சைக்குங்க அத்தை. ஒண்ணாம் வகுப்புப் புள்ளைங்களுக்குத் தவளைப் பாட்டு நடத்திக் காட்டணும்."

மகன் செல்லப்பன் செத்தபின், வீட்டுக்குச் சம்பளம் என்று ஒன்று வேண்டுமே என மருமகளை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பியவளே இருசம்மாள்தான். செந்துறைப் பக்கம் அவர்கள் ஊர்ப் பள்ளியில் பொன்னம்மாள் டீச்சர் பிரசவ லீவில் போகப் போகிறாள். தேறிவிட்டால் லீவு முடியும்வரை அந்த இடம் குஞ்சம்மாளுக்குத்தான் என்று பள்ளி நிர்வாகி சொல்லியிருந்தார். இல்லையென்றால் மறுபடி அடுப்பங்கரைதான்.

ஆக, அவள் படிக்கலாம், சம்பளம் வாங்கலாம், சிரிக்கத்தான் கூடாது. விசேஷ வீட்டில் முன்னால் நிற்கக் கூடாது, கும்மியில் கை தட்டக் கூடாது. சின்ன வயதிலேயே வெள்ளை கட்டிய இருசம்மாள் இதையெல்லாம் இம்மி பிசகாமல் காத்தவள். இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான் யாரோ, ஒண்ணாம் வகுப்புப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்த்திருக்க மாட்டான்.

கடைசியில் செல்லப்பன் போட்டோ முன்னால் சத்தியம் வாங்கப்பட்டது. வாயால் பாடலாம், கால் தரையை விட்டு எழும்பக் கூடாது. பரீட்சை அன்று காவலுக்கு இருசம்மாளும் அரியலூர் பஸ்ஸில் ஏறினாள்.

வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மாமியார். உள்ளே கடைசி பெஞ்சில் தேர்வாளர். குஞ்சம்மாள் நட்டுவைத்த கம்பம்போல் நின்று பாடினாள்.

"குட்டைக் கரையில் கொர் கொர்,
எட்டிக் குதித்தால் டொப் டொப்."

ஒரு பிள்ளையும் அசையவில்லை. தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், தவள நின்னுக்கிட்டேவா இருக்கும்?"

 குஞ்சம்மாள் ஜன்னலைப் பார்த்தாள். செல்லப்பனை நினைத்தாள். உயிரோடு இருந்தால் இந்தச் சத்தியத்தைக் கேட்டு முதலில் சிரிப்பவன் அவன்தானே. சேலையைச் செருகினாள், கன்னத்தை உப்பவைத்தாள், குதித்தாள்.

அவ்வளவுதான், வகுப்பே குட்டையாகிவிட்டது. பெஞ்சுக்கு மேலே, கீழே, எங்கு பார்த்தாலும் தவளை. சிலேட்டுகள் பறந்தன. தேர்வாளர் கால் இரண்டையும் பெஞ்சுமேல் தூக்கி வைத்துக்கொண்டார். குஞ்சம்மாள் அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தாள். என்ன சந்தோஷம் அது. வெளியே இருசம்மாள் முகத்தை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பாஸ்தாம்மா, தைரியமா ஊருக்குப் போங்க" என்றார் தேர்வாளர், போகும்போது.

 திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில் இருசம்மாள் தானே வழக்கை விசாரித்துத் தானே தீர்ப்பும் சொன்னாள்.

"சம்பளத்துக்குக் குதிக்கிறது தப்பில்லன்னு வெச்சுக்குவோம். அதுவும் பொன்னம்மா டீச்சர் திரும்பி வர வரைக்குந்தான். அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறமும் காலு இருக்குமுல்லங்க அத்தை."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இரண்டு வெள்ளைச் சேலைகளும் சேர்ந்தே சீட்டை விட்டு எழும்பி உட்கார்ந்தன. குஞ்சம்மாள் வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.