சாக மறுத்தவை

"எம்புள்ள அங்க உசிரோட இருக்கறப்ப, இங்க எத எடுக்கப் போறீங்க?" என்று அம்மா, இறந்து கிடந்த மகனின் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. மணி ஒன்பதரை. சுடுகாட்டு வண்டி பதினோரு மணிக்கு வந்துவிடும்.

தப்பு அவனுடைய அக்காவான அவளுடையதுதான். ஆய்வகமே கதி என்று கிடந்தவளுக்கு, அழுகிற அம்மாவைத் தேற்ற வேறு வார்த்தை கிடைக்கவில்லை. "தம்பியோட ஒடம்பு செல்லு என் லேப்ல இன்னும் உசிரோடதான் இருக்கும்மா" என்று சொல்லித் தொலைத்திருந்தாள்.

"படிச்சு என்ன பிரயோஜனம்? கெளப்பிவிட்டவ நீதான, நீயே சமாளி," என்று மாமா பல்லைக் கடித்தார்.

வேறு வழி தெரியாமல் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள். விடுமுறை நாள். காவலாளி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

தம்பியின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் இரண்டு தட்டுகளில் இருந்தன. முதல் தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள்.

"நல்லாத்தான இருக்கு. கொழுகொழுன்னு."

"அதாம்மா வியாதியே. கெட்டுப்போன செல்லு தானா செத்துடணும். 'போதும், முடிச்சுக்க'ன்னு சொல்ல உள்ளயே குட்டிக்குட்டித் துணுக்கு இருக்கு, மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு பேரு. உள்ள பூந்த வைரஸ் அதோட வாயப் பொத்திடுச்சு. செல்லு செத்தா அதுக்கும் இருக்க இடம் இல்லல்ல?"

அம்மா நிமிரவில்லை. "சாக வேண்டியது சாகாததாலயா எம்புள்ள செத்தான்?"

கருத்தரங்குகளில் அவள் முக்கால் மணி நேரம் பேசுவதை அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

"ஆமாம்மா."

இரண்டாவது தட்டில் செல்கள் சுருங்கி உதிர்ந்து கிடந்தன. "இதுல அந்தத் துணுக்கத் திரும்ப வெச்சோம். முந்தாநாள்தான் சாக ஆரம்பிச்சுது."

முந்தாநாள் தம்பிக்கு நினைவு தப்பியிருந்தது. அது மருந்தாக இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும் என்று தெரிந்தும், அன்று ஆய்வகக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

"அப்போ இதுல அவன் இல்லியா?"

இல்லை என்று ஒரு பொய் சொன்னால் வந்த வேலை முடிந்துவிடும். அவளுக்கு வாய் வரவில்லை.

"அவனும் இருக்காம்மா. அவனக் கொன்னதும் இருக்கு. பிரிக்கத் தெரியல."

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். அவள் முதல் தட்டின் பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றினாள்.

"என்ன அது?"

"சாப்பாடு. ரெண்டு நாளைக்கு ஒருதரம்."

"கொல்றதுக்கா வளக்கற?"

"எப்படிக் கொல்றதுன்னு தெரிஞ்சுக்க."

போன் அடித்தது. மாமா. அம்மாவே கையை நீட்டி வாங்கினாள். "வந்துட்டே இருக்கோம்டா. வண்டி வந்தா நிக்கச் சொல்லு. எடுத்துரலாம்." குரல் கடைசி வார்த்தையில்தான் உடைந்தது.

அவள் தட்டுகளைச் செல் வளர்க்கும் பெட்டிக்குள் வைத்து மூடினாள். மாடிப்படியில் அம்மாவின் தோளைப் பிடிக்கப் போனபோது அம்மா கையை விலக்கிவிட்டாள்.

"நாளன்னைக்கு நீ வேலைக்கு வந்துரு. வீட்ல யாரு என்ன பேசினாலும் நான் பாத்துக்கறேன்."

"சரிம்மா."

கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் அம்மா சொன்னாள்.

"பட்டினி போட்டுடாத."