ஒன்றின் கீழ் ஒரு கோடு

பகலும் இரவும் தம்முள் ஒத்து நிற்கும் நாள்கள் அவை. வெயில் தன் கடுமையை மெல்ல இறக்கி வைத்திருந்தது. மழையோ தன் முறையை இன்னும் கேட்டு வாங்கவில்லை. இரண்டுக்கும் நடுவே காற்று, திசை மாறுமுன் ஒருகணம் மூச்சடக்கி நின்றது. வானம் துலக்கிக் கவிழ்த்த செம்புபோல் ஒளிர்ந்தும் ஒளிராமலும் இருந்தது. ஆண்டில் இருமுறையே கடல் இத்தனை தூரம் உள்வாங்கும். ஞாயிறும் திங்களும் ஒரே பக்கம் நின்று அழைக்க, கரையைத் தொட்டுத் தொட்டு வணங்கிப் பழகிய அலைகள், கருவறைக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்து விலகும் அடியவர்களைப் போல, ஈர மணலைப் பார்த்தபடியே அடிமேல் அடிவைத்து அகன்று போயின. அவை விட்டுச் சென்ற வெளியில் ஒரு மௌனம் இருந்தது. அதை மௌனம் என்பதைவிட விரதம் என்றால் பொருந்தும்.

இவ்வளவு அடக்கமான பருவத்தில்தான் கோட்டம்மா தன் அலுவலகத்தில் தொண்டை கிழியச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

கோட்டம்மா என்பது பெற்றோர் வைத்த பெயரன்று. ஏழு மாதங்களாக அவள் கோடு இழுப்பதைப் பார்த்த அலுவலகம் வைத்த பெயர். பழைய கடல் வரைபடங்களைக் கணினியில் ஏற்றி, நீர் முழுதும் வடிந்த வேளையில் கரை எங்கே நிற்கிறதோ அங்கெல்லாம் புள்ளி வைத்து, அப்புள்ளிகளைக் கோடாக்குவது அவள் பணி. நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். அந்தக் கரைக்கோட்டிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் அளந்து, கடல் எல்லையைக் கணினி தானே வரையும். வரும் திங்கட்கிழமை அவ்வெல்லை எல்லாப் படகுகளின் கருவிகளிலும் ஏறிவிடும். பிறகு சிறு படகு எதுவும் கோட்டைத் தாண்ட முடியாது. தாண்டினால் கருவி கத்தி ஊரைக் கூட்டும்.

நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டிலும் வராத வழக்கு, அடுத்த ஒன்றில் வந்தது.

கரையிலிருந்து ஐந்து மைல் தள்ளி, பழைய தாளில் ‘1’ என்றோர் எண் இருந்தது. கடல் வரைபடத்தில் வெறும் எண் நின்றால் அத்தனை அடி ஆழம் என்று பொருள். எண்ணின் கீழ் ஒரு சிறு கோடு இருந்தாலோ எல்லாம் தலைகீழ்: நீர் வடியும்போது அத்தனை அடி வெளியே தலைகாட்டும் பாறை அது. தலைகாட்டும் பாறையையும் கரையாகவே கொண்டு அங்கிருந்து பன்னிரண்டு மைல் அளக்கலாம் என்பது சட்டம். இந்த ஒன்றின் கீழே கோடு ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தாளை அறுபது ஆண்டுகள் மடித்து மடித்து வைத்த மடிப்பும் சரியாக அதே இடத்தில் ஓடியது.

“அது மடிப்பும்மா” என்றார் தலைமை வரைவாளர். முதுகு எப்போதும் நேராக இருப்பதால் அவருக்கு அளவுகோல் என்று பட்டம். அவருக்கும் அது தெரியும், உள்ளூரப் பெருமை.

“மடிப்பு தாள் முழுக்கப் போகும் சார். இது எண்ணோட அகலத்துக்கு மட்டும் அழுத்தமா இருக்கு பாருங்க.”

“பழைய தாள்ல எத்தனை சுருக்கம். சுருக்கத்துக்கு ஒரு பாறைன்னு கொடுத்தா, நாம தாவித் தாவியே எதிர்க்கரைக்குப் போயிடலாம்.”

“என் தம்பி அந்தப் பாறையைக் கண்ணால பார்த்திருக்கான் சார்.”

“உங்க தம்பி கண்ணை நான் எப்படிம்மா ஃபைல்ல வைக்கிறது? அலுவலக ஆள் ரெண்டு பேர் நேர்ல போய், அளந்து, அங்கேயே நின்னு கையெழுத்துப் போடணும். அதுதான் சாட்சி.”

பேச்சை முடித்துவிட்டதாக எண்ணி அவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

“சரி சார். நாளை மறுநாள் அமாவாசை. காலைல பதினொண்ணு பத்துக்குத் தண்ணி முழுசா இறங்குது. படகு சொல்லிட்டேன். ஒண்ணு நான், ரெண்டு நீங்க.”

அளவுகோல் முதன்முறையாகச் சற்று வளைந்தார். முப்பத்தோராண்டுகள் கடலை வரைந்தவர் அவர். கணுக்காலளவு நீரில்கூட இறங்கியதில்லை.

அவளுக்கோ அந்த ஒன்றின்மேல் அத்தனை பிடிவாதம் வரக் காரணம் இருந்தது. கரையிலிருந்து பதினான்காவது மைலில் ஒரு மீன் திட்டு உண்டு. தம்பியின் பிழைப்பு முழுவதும் அத்திட்டில். பாறை இல்லையென்றால் எல்லை பன்னிரண்டில் நின்றுவிடும். திட்டு வெளியே போய்விடும். பாறை இருந்தால் எல்லை அவ்விடத்தில் பதினேழுக்கு நீளும். திட்டு உள்ளே வந்துவிடும். திட்டு போய்விட்டால், மனைவியின் பிறந்த ஊர்த் துறைமுகத்துக்கே குடிபோவதென்று தம்பி முடிவு செய்திருந்தான். ரயிலில் இரண்டு நாள் பயணம்.

ஒரே வீட்டில் கீழே அவள், மேலே அவன். தாயும் தந்தையும் போனபின் அவளுக்கு உறவென்று இருந்தது, விடியலில் தன் கூரைமேல் கேட்கும் அவன் காலடி ஓசைதான். அவனை ஊரைவிட்டு அனுப்பப்போகும் கோட்டை இழுக்கும் கையும் அவள் கையே. ஒரு சொடுக்கில் அந்தப் பாறையை வைத்துவிட்டால் கேட்பார் யாருமில்லை. அவள் வைக்கவில்லை. இல்லாத பாறையைக் கடலில் நடுவது அவளுக்குத் தெய்வத்தின் முன் பொய் சொல்வது போன்றது.

மேல்வீட்டிலோ தம்பி மனைவி அதற்குள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள். எதையும் முன்கூட்டிச் செய்பவள்.

“அண்ணி, கால்மிதியைக் கட்டிட்டேன். வரும்போது செருப்பை வெளியிலேயே நல்லாத் தட்டிட்டு வாங்க.”

“இன்னும் ஒண்ணும் முடிவாகலியேம்மா.”

“முடிவானப்புறம் கட்டினா அவசரத்துல உங்க தம்பியைக் கட்ட மறந்துடுவேன்.”

குறித்த நாளில் அளவுகோல் துறைக்கு வந்த கோலத்தைக் கண்டு படகுகளே சற்று ஆடின. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மிதவைச் சட்டை, கையில் குடை, கழுத்தில் மூன்று சுற்று நெகிழித்தாளில் பொதிந்து தொங்கவிட்ட கோப்பு.

“மழை வராது சார்” என்றான் தம்பி.

“குடை மழைக்கு இல்லப்பா. தைரியத்துக்கு.”

அந்தத் தைரியம் முதல் மைலிலேயே தீர்ந்துபோனது. அவர் படகின் விளிம்பைக் கட்டிக்கொண்டு, உண்டதையெல்லாம் கடலுக்கு ஒப்படைக்கத் தொடங்கினார்.

“சார், உங்க படத்துல இந்த இடம் என்ன நிறம்?” என்று தம்பி சுக்கானைப் பிடித்தபடி கேட்டான்.

“வெளிர் நீலம்” என்றார் அவர், தலையைத் தூக்காமலே.

“இப்போ கொஞ்சம் மஞ்சளாத் திருத்திக்கோங்க.”

“டேய்” என்று அக்காள் அதட்டினாள். அதட்டலின் நடுவே சிரிப்பு வந்து கெடுத்துவிட்டது.

பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில், அவள் கையிலிருந்த ஜிபிஎஸ் கருவி கீச்சிட்டது. குறித்த இடம் வந்துவிட்டது. தம்பி எந்திரத்தை நிறுத்தினான். மூவரும் எழுந்து பார்த்தார்கள். நாற்புறமும் நீர். குறையொன்றும் இல்லாத, வழவழப்பான நீர்.

“அக்கா, உன் பாறை இன்னிக்கு லீவு போல.”

அவள் கருவியில் தெரிந்த எண்களை மறுபடி பார்த்தாள். “இந்த இடம்தான். நானே பதிஞ்சேன்.”

“நான் பார்த்தது இன்னும் வடக்கேக்கா. சொன்னா கேக்க மாட்டே. உனக்கு அந்தப் பொட்டிதான் தம்பி.”

கடிகாரம் நகர்ந்தது. பதினொன்று. பதினொன்று இரண்டு. நீர் தன் கடைசிப் படியில் நிற்பது பத்து இருபது நிமிடமே. பிறகு ஏறத் தொடங்கிவிடும். இத்தனை ஆழமாக இறங்க இனி ஆறு மாதம் ஆகும். திங்கட்கிழமையோ மூன்று நாளில் இருந்தது.

விளிம்பில் கிடந்த அளவுகோல் மெல்லத் தலையை நிமிர்த்தினார். முகம் வாடிய வெற்றிலை நிறம். ஆனால் முப்பத்தோராண்டு மூளை உள்ளே விழித்துக்கொண்டுதான் இருந்தது.

“அம்மா, பழைய தாள் கட்டமும் சாட்டிலைட் கட்டமும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தாதே. அந்த நானூறு மீட்டர் வித்தியாசத்தைச் சேர்த்தீங்களா?”

“சேர்த்தேன் சார். தாளை ஸ்கேன் பண்ணி ஏத்துறப்பவே சேர்த்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்ல. நேத்து சாயங்காலம் இந்தக் கருவியில பதியும்போதுதான், மனசு கேக்காம, விட்டுப்போயிருக்குமோன்னு…” அவள் வாய் பாதியில் நின்றது.

“ரெண்டு தடவை சேர்த்துட்டீங்க” என்றார் அவர்.

பிறகு அளவுகோல் சிரித்தார். சிரிப்பும் வாந்தியும் ஒன்றையொன்று முந்த, இரண்டுக்கும் இடம் கொடுத்து மாறி மாறிச் சிரித்தார். “ஏழு மாசம் ஒரு முடி பிசகாம கோடு போட்டவங்க, அக்கறை அதிகமாகி ஒரு பாறையை நானூறு மீட்டர் தெற்கே தூக்கிட்டுப் போயிட்டாங்க.”

“வடக்கே திருப்புடா” என்றாள் அவள்.

“நான் அப்பவே சொன்னேன்ல?”

“நீ திட்டுறதை வீட்டுக்குப் போய் உட்கார்ந்து நிதானமாக் கேக்குறேன். இப்போ திருப்பு.”

படகு கடலைக் கிழித்துத் திரும்பியது. நானூறு மீட்டரும் அவள் மூச்சு விட்டாளா என்பது தெரியாது. முதலில் தெரிந்தது ஒரு வெள்ளை நுரை வளையம். அதன் நடுவே, குளித்து எழுந்து கூந்தலைப் பிழியாமல் நிற்பவளைப் போல, பாசி வழிய ஒரு கருந்தலை. இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்ட அளவு. அவ்வளவே. பதினொன்று எட்டு.

தம்பி படகைப் பக்கவாட்டில் அணைக்கும் முன்பே, இரண்டு மிதவைச் சட்டையும் குடையுமாக அளவுகோல் பாய்ந்து பாறைமேல் நின்றார். எப்படிப் பாய்ந்தார் என்பதைப் பிற்பாடு அவராலும் விளக்க முடியவில்லை. ஆடாத ஒன்றின்மேல் கால் பட்டதும் அவர் முகத்தில் நிறம் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு விட்டார்.

“அப்பாடா. நிலம்.”

கோட்டம்மா படகில் நின்றபடியே பேனாவை எடுத்தாள். “நிலம்னு நீங்களே சொல்லிட்டீங்க சார். அப்படியே எழுதிக்கவா?”

அவர் கண்ணைத் திறந்து காலடியைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். “எழுதுங்கம்மா” என்றார். “மடிப்புமேல எல்லாம் மனுஷன் நிக்க முடியாது.”

அவளும் இறங்கினாள். அளவு குறித்த கம்பு ஒன்றை நீர்மட்டத்தில் ஊன்றிப் பாறையின் உயரம் பார்த்தாள்: ஒன்பதரை அங்குலம். அன்று நீர், பாறை உயரங்களை வரைபடம் எண்ணத் தொடங்கும் அடிமட்டத்துக்கு இன்னும் இரண்டரை அங்குலம் மேலே நிற்கிறது என்றது, கடலின் ஏற்ற இறக்கம் குறிக்கும் ஓத அட்டவணை. ஒன்பதரையும் இரண்டரையும் பன்னிரண்டு. சரியாக ஓர் அடி. அறுபது ஆண்டுகளுக்கு முன் எவரோ இங்கே வந்து, எந்தக் கருவியும் கீச்சிடாத காலத்தில், ஈயக் குண்டும் கயிறும் கொண்டு அளந்து, ஒன்று என்று எழுதி, அதன் கீழ் ஒரு கோடும் இழுத்துச் சென்றிருக்கிறார். அவள் குனிந்து பாறையை உள்ளங்கையால் தொட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அவர் முதுகு மேசையாயிற்று, அவள் கையெழுத்திட்டாள். அவள் முதுகு மேசையாயிற்று, அவர் கையெழுத்திட்டார். பேனா முதுகில் ஊர்ந்தபோது அவள் கூச்சத்தில் நெளிய, அளவுகோலின் கையெழுத்தில் இருந்த ‘ள’ ஒரு சுற்று கூடுதலாகச் சுழன்றது. பிறகு அவர் குடையை விரித்து, நெஞ்சை நிமிர்த்தி, “தம்பி, ஒரு போட்டோ” என்றார். பாறையை மூன்றே எட்டில் ஒருமுறை சுற்றி வந்தார். மறுபடியும் சுற்றினார்.

“சார், தண்ணி ஏறுது. கால் நனையுது பாருங்க” என்றான் தம்பி.

“இருப்பா. ரெண்டே நிமிஷம். முப்பத்தொரு வருஷம் வரைஞ்சிருக்கேன்.”

நீர் முழங்காலைத் தொட்ட பிறகுதான், இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைப் படகில் ஏற்ற முடிந்தது. திரும்பும் வழியெல்லாம் அவருக்கு வாந்தி வரவில்லை. பாட்டு வந்தது, அதற்கு வாந்தியே தேவலை என்றான் தம்பி.

மூன்று மணிக்கு அவள் தன் மேசையில் அமர்ந்து, நாலாயிரத்து முந்நூற்றுப் பதின்மூன்றாம் புள்ளியைத் திருத்தம் ஒருமுறை மட்டுமே சேர்த்து வைத்தாள். சேர்த்தது ஒருமுறைதானா என்று பின்னால் நின்ற அளவுகோல் மும்முறை கேட்டார். அவர் கால்சட்டையிலிருந்து தரையில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கணினி சற்று யோசித்தது. பிறகு எல்லைக்கோடு, பால் பொங்கி வருவதுபோல ஓரிடத்தில் மெல்ல உப்பி, பதின்மூன்றைக் கடந்து, பதினான்கைக் கடந்து, பதினேழில் போய் வளைந்து நின்றது. திட்டு அதன் மடியில் கிடந்தது. அளவுகோல் கோப்பில் முத்திரை குத்திய ஓசையில் அடுத்த அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் செய்தியைத் தொலைபேசியில் தம்பி மனைவிக்குச் சொன்னாள்.

“அண்ணி, ரெண்டு நாளா கட்டியிருக்கேன். அவிழ்க்கிறதுக்கு யார் வருவா?”

“நான் வர்றேம்மா. தம்பி என்ன பண்றான்?”

“குதிக்கிறார். காரை பேர்ந்து உங்க கட்டில்மேல விழுந்தா என்னைக் கேக்காதீங்க.”

மாலையில் அவள் வீட்டுக்கு நேரே போகவில்லை. துறையின் கற்படிகளில் இறங்கினாள். கடல் அதற்குள் நிறைந்து பாதிப் படிகள்வரை ஏறியிருந்தது. சிறு படகுகள் ஒவ்வொன்றாய்த் திட்டை நோக்கிப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நீரில் ஒரு படி இறங்கி நின்று, இரு கைகளையும் சேர்த்துக் குவித்து நீரை முகந்தாள். முகந்ததை ஒருகணம் நெற்றிக்கு நேரே உயர்த்தி, விரலிடை வழியே கடலுக்கே திரும்ப வார்த்தாள். அவ்வாறு மும்முறை செய்தாள். யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவர் பார்த்திருப்பார்.

பிறகு, தனக்கே கேட்கும் குரலில் சொன்னாள்:

“நீர் நிறைக. வலை நிறைக. போனவர் எல்லாரும் வீடு சேர்க.”