ஒரு படி ஏற்றம்

பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் அவள் ஒரு கம்பெனிக்கு முதலாளி ஆகியிருந்தாள்.

விஷயம் அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் வரவேற்பறை அது. சுவருக்குப் பின்னால் இயந்திரங்கள் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தன. பசையும் சூடான காகிதமும் கலந்த வாசனை. இன்டர்வியூவுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாமல் மேஜையில் கிடந்த பத்திரிகையை எடுத்தாள். அவள் படித்த நிர்வாகவியல் கல்லூரியின் பழைய மாணவர் பத்திரிகை. கடைசிப் பக்கங்களில் வழக்கம்போல வகுப்புச் செய்திகள். யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை, யார் எந்தக் கம்பெனியில் எந்த நாற்காலியில்.

அவள் பேட்ச். அவள் பெயர். அதற்குக் கீழே:

'பெரிய பதவியை உதறிவிட்டு வெளியே வந்தவர், இப்போது சொந்த ஆலோசனை நிறுவனத்தை வெற்றிகரமாக நடத்தி வருகிறார். இரட்டைப் பெண் குழந்தைகளின் தாய்.'

இரட்டைக் குழந்தைகள் நிஜம். மற்றதெல்லாம் கடைந்தெடுத்த பொய்.

அவள் எழுதி அனுப்பியது வேறு. வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது, பெண்கள் வளர்கிறார்கள், மறுபடி வேலை தேடுகிறேன். அவ்வளவுதான்.

போன வாரம் இந்த ஆபீஸிலிருந்து போன் வந்தபோது அவள் எவ்வளவு ஆச்சரியப்பட்டாள்! விண்ணப்பமே போடாத இடம். 'புது யூனிட் ஆரம்பிக்கறோம், அதுக்குத் தலைமை தாங்க ஆள் வேணும், எங்க எம்.டி. உங்க காலேஜ்தான், நேர்ல பாக்கணும்ங்கறார்' என்றார்கள். மூன்று வருட இடைவெளியைப் பார்த்ததுமே மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட கம்பெனிகளுக்கு நடுவில், தானாக வந்து கதவைத் தட்டிய ஒரே கம்பெனி. யாரோ தோழி சொல்லியிருப்பாள் என்று நினைத்தாள்.

தோழியும் இல்லை, ஒன்றும் இல்லை. இந்த இரண்டு வரிதான் அவளை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

பத்திரிகையோடு வாசலுக்கு வந்து ரேடியோவுக்குப் போன் போட்டாள்.

ரேடியோ என்பது அவள் வகுப்புத் தோழன். ஹாஸ்டலில் யார் அறையில் என்ன நடந்தாலும் விடிவதற்குள் ஊருக்கே ஒலிபரப்புவான். அந்தத் தகுதி ஒன்றை வைத்தே பேட்ச்சின் செய்திகளைத் தொகுத்து அனுப்பும் வேலையை அவன் தலையில் கட்டியிருந்தார்கள்.

"சொல்லு எலி!" என்றான். கல்லூரியில் அவள் பெயர் சுண்டெலி. சின்ன உருவம், ஓட்டமான நடை.

"எலியா? என்னைப் பொறியில மாட்டிவிட்டுட்டு எலிங்கற? நான் எப்படா கம்பெனி ஆரம்பிச்சேன்?"

"ஓ, புக்கு வந்துடுச்சா! நல்லா இருக்கா?"

"டேய்!"

"கத்தாத. ஒரு படி ஏத்தித்தானே போடுவேன். உனக்குத் தெரியாதா?"

தெரியும். அது அவர்கள் பேட்ச்சின் சம்பிரதாயம். உதவி மேனேஜர் என்று எழுதினால் மேனேஜர் என்று வரும். பெண் பார்க்கப் போனேன் என்றால் நிச்சயம் ஆகிவிட்டது. பையன் ஸ்கூலில் படம் வரைந்து பென்சில் டப்பா வாங்கினால் 'வளரும் ஓவியர்'. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். படிக்கும்போது எல்லோரும் மனசுக்குள் ஒரு படி இறக்கிப் படித்துக்கொள்வார்கள். ரேடியோ தன்னையே கிளை மேனேஜரிலிருந்து மண்டலத் தலைவர் ஆக்கிக்கொண்டு, அதை மாமனார் வீட்டில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறான்.

"வேலை இல்லாதவளுக்கு ஒரு படி மேல என்னடா?"

"நானும் அதைத்தான் யோசிச்சேன். வேலை இல்லைக்கு மேல சொந்தத் தொழில்தான வரும்?"

"அறிவுக் கொழுந்தே! இதைப் படிச்சிட்டு நம்ம சீனியர் ஒருத்தர் என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கார். அவர் வாசல்லதான் நிக்கறேன்."

மறுமுனையில் ஒரு கணம் ரேடியோ ஆஃப் ஆனது.

"சீனியரா? அவங்களுக்கு நம்ம கழிக்கற கணக்கு தெரியாதே…" என்றான் மெதுவாக. உடனே சுதாரித்தான். "நல்லதுதானடி! அப்படியே மெயின்டைன் பண்ணு. ஆலோசனைன்னா எவன் வந்து பாக்கப்போறான்? ரெண்டு மூணு கிளையன்ட், பேர் சொல்லக்கூடாதுன்னு ஒப்பந்தம்னு அடிச்சு விடு. வேலை கிடைச்சப்புறம் யாரு கேக்கப்போறா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

பார்க்கிங்கில், வேப்பிலைப் பச்சையில் அவர்கள் கார் நின்றது. முன் சீட்டில் கணவர், பின் சீட்டில் இரட்டையர். இன்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல். அதனால் பல் டாக்டரான அவர் தன் கிளினிக்கைப் பூட்டிவிட்டு டிரைவராகவும் ஆயாவாகவும் வந்திருந்தார். கண்ணாடியை இறக்கினார். ஒருத்தி அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அதற்காக அழுதுகொண்டிருந்தாள்.

அவள் இரண்டே நிமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ரேடியோ சொல்றதும் ஒரு வழிதான்" என்றார் அவர், பாதி சிரிப்போடு. "சொத்தைப் பல்லுக்குத் தொப்பி போடற மாதிரி. வெளில பளபளன்னு இருக்கும்."

"உள்ள?"

"உள்ள கிளீன் பண்ணாம தொப்பி போட்டா, ஒருநாள் ராத்திரி உயிர் போகும். ஆனா அதுவரைக்கும் நல்லாத்தான் சாப்பிடலாம்." அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "உனக்கு இந்த வேலை எவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியும். தினம் சமையல்கட்டு அலமாரியைக் கலைச்சு கலைச்சு அடுக்கறியே, பாத்துட்டுத்தானே இருக்கேன். நீ என்ன சொன்னாலும் சரி. நான் காட்டிக்குடுக்க மாட்டேன்."

"மேடம்!" வாசலிலிருந்து வரவேற்புப் பெண் கூப்பிட்டாள். "எம்.டி. வரச் சொல்றார்."

எம்.டி.யின் அறை தொழிற்சாலையைப் பார்த்தபடி மாடியில் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கீழே, ஆள் உயரக் காகித உருளைகள் உருண்டு போயின. மனிதருக்கு ஐம்பது வயதிருக்கும். மேஜையில் அதே பத்திரிகை. பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருந்தது.

"உக்காருங்க, உக்காருங்க. நான் இந்தப் புக்கை அட்டைலேர்ந்து அட்டை வரைக்கும் படிக்கறவன். என் மனைவி கேலி பண்ணுவா, உங்களுக்கு அடுத்தவன் பதவி உயர்வுல என்ன சந்தோஷம்னு." சிரித்தார். "வேலைய விட்டாலும் சும்மா இருக்காம சொந்தமா இறங்கியிருக்கீங்க. புது யூனிட்டுக்கு எனக்கு அந்த மாதிரி ஆள்தான் வேணும். ஒரே சந்தேகம். உங்க கம்பெனிய விட்டுட்டு வர மனசு வருமா?"

கைப்பையில் போன் இரண்டு தரம் அதிர்ந்தது. ரேடியோவாகத்தான் இருக்கும்.

வழி சுலபம். 'கஷ்டம்தான் சார், ஆனா சவாலை விட முடியலை' என்று ஒரு வாக்கியம். அந்த நாற்காலி அவளுடையது. நாக்கு நுனியில் வந்து நின்றது.

அதற்கு அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? எந்த கிளையன்ட்? அதற்கடுத்தது? ஒவ்வொரு நாள் காலையும் இந்த மனிதர் முகத்தைப் பார்த்து, நேற்று என்ன சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

"விடறதுக்குக் கம்பெனி எதுவும் இல்லை சார்."

அவர் புருவம் ஏறியது.

"நான் மூணு வருஷமா வீட்டுலதான் இருக்கேன். குழந்தைங்களுக்காக. இதுல போட்டிருக்கறது தப்பு. நான் அப்படி எழுதி அனுப்பலை. கீழ உக்காந்திருந்தப்போதான் பாத்தேன்."

"அப்போ யாரு எழுதினது?"

"எங்க பேட்ச்ல ஒரு பழக்கம் சார். எல்லாரையும் ஒரு படி ஏத்திப் போடுவோம். நாங்க இறக்கிப் படிச்சுப்போம். வெளி ஆளுங்க படிப்பாங்கன்னு யோசிச்சதே இல்லை."

எம்.டி. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்துத் திருப்பினார். ஒரு வரியில் விரல் நின்றது.

"உங்க பேட்ச்ல ஒருத்தரை ரெண்டு மாசம் முன்னாடி சேல்ஸ்ல எடுத்தேன். தேசிய அளவில் விற்பனைத் தலைவர்னு முந்தின இதழ்ல போட்டிருந்தது." நிமிர்ந்தார். "அவர் நிஜத்துல என்னவா இருந்தார்?"

அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு மாவட்டத்தில் அலைந்துகொண்டிருந்தவன். நல்லவன். வயதான அம்மா, ஸ்கூல் போகும் பையன்.

"அதை அவர்கிட்டயே கேளுங்க சார்."

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். என்னைப் பத்தி நான் சொல்லலாம். அவரைப் பத்தி அவர்தான் சொல்லணும். ரெண்டு மாசமா வேலை பாக்கறார்ல? வேலை எப்படின்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

எம்.டி. கண்ணாடி வழியே கீழே பார்த்தார். "வேலை நல்லாத்தான் பாக்கறான்" என்று முனகினார், அது என்னமோ ஒரு குறை மாதிரி. பிறகு அவள் பக்கம் திரும்பினார். "சரி. மூணு வருஷம் வீட்டுல. வீட்டை நிர்வாகம் பண்றதும் கம்பெனியை நிர்வாகம் பண்ற மாதிரிதான்னு சொல்லப்போறீங்களா? போன வாரம் ஒரு அம்மா அப்படித்தான் சொன்னாங்க."

"இல்லை சார். அது வேற, இது வேற. வீட்டுல நான் சொல்றதை யாருமே கேக்க மாட்டாங்க."

உண்மை தெரிந்தபின் முதல் முறையாக அவர் சிரித்தார்.

"அதுக்கு முன்னாடி பிஸ்கட் கம்பெனியில டெஸ்பாட்ச் முழுக்க என் கையில. சரக்கு ஏத்தறது, லாரி அனுப்பறது, கடைக்காரங்க சண்டை, டிரைவருங்க சண்டை. ஒன்பது வருஷம்."

"இதுலயும் ஒரு படி கழிக்கணுமா?"

சுருக்கென்றிருந்தது. ஆனால் கேட்கக்கூடிய கேள்விதான்.

"என் பழைய மேலதிகாரி நம்பர் இருக்கு. நீங்களே கேளுங்க."

அவர் உடனே கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மனிதர் போனை எடுத்து, அவள் சொன்ன நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். மணி அடித்தது. மூன்று வருடத்துக்கு முன் அவள் ராஜினாமாவைக் கொடுத்தபோது அந்த மனுஷன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எம்.டி. தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அவள் எதிரில் இருப்பதை மட்டும் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணா?" என்றது கரகரத்த குரல். "சரியான கோவக்காரி சார். லோடிங்ல அவ போடற சத்தம் என் ரூம் வரைக்கும் கேக்கும். சீசன் நேரத்துல அப்படியே விட்டுட்டுப் போனா. அதுல எனக்கு இன்னும் கடுப்புதான்."

அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

"வேலை?" என்றார் எம்.டி.

"வேலையா? அவ போனப்புறம் அந்த இடத்துக்கு ரெண்டு பேரைப் போட்டேன். ரெண்டு பேரும் இப்பவும் திணறுறானுங்க. லாரி ஒண்ணாவது நேரத்துக்குக் கிளம்புதா? ஏன் சார், உங்ககிட்ட வராளா? வேணாம்னா சொல்லுங்க, நான் கூப்பிட்டுக்கறேன்."

போன் வைக்கப்பட்டது. கீழே ஏதோ ஒரு இயந்திரம் நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது.

"புது யூனிட் தலைமை இப்போ உங்களுக்குத் தர முடியாது" என்றார் எம்.டி. "மூணு வருஷம் கையை விட்டவங்ககிட்ட ஒரு யூனிட்டையே தூக்கிக் குடுத்தா, என் பார்ட்னர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார். இங்க டெஸ்பாட்ச் இருக்கு. அதுவும் சீரழிஞ்சு கிடக்கு. ஒரு வருஷம் அதை நிமித்துங்க. அப்புறம் பேசலாம்."

அவள் உள்ளே ஏதோ ஒன்று இறங்கியது, இன்னொன்று எழுந்து நின்றது. வேண்டிய நாற்காலி இல்லை. ஆனால் உட்கார ஒரு நாற்காலி.

"ஆறு மாசம்" என்றாள்.

"என்ன?"

"ஆறு மாசத்துல நிமித்தறேன். அப்போ பேசணும். வாயால இல்லை, ஆர்டர்லயே போட்டுக் குடுங்க. அப்புறம் சாயங்காலம் அஞ்சரைக்கு நான் கிளம்பணும். ரெண்டு பேர் காத்துட்டு இருப்பாங்க."

எம்.டி. அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கோவக்காரின்னுதான் சொன்னார். பேரம் பேசுவாங்கன்னு சொல்லலையே!"

"அதை அவர்கிட்ட நான் காட்டினதே இல்லை சார். அப்பவே காட்டியிருக்கணும்."

"ஆறு மாசம். ஆர்டர்ல வரும். திங்கக்கிழமை வந்துடுங்க."

அவள் படியிறங்கி வெளியே வந்தபோது தூறல் பிடித்திருந்தது. காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். இரட்டையர் தூங்கிப்போயிருந்தார்கள், ஒருத்தி காலில் இன்னொருத்தி தலை.

"என்ன ஆச்சு?" கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"உண்மையைச் சொல்லிட்டேன். அந்தப் போஸ்ட் இல்லை. டெஸ்பாட்ச் குடுத்திருக்கார். திங்கக்கிழமைலேர்ந்து."

"உனக்குச் சரியா?"

அவள் பார்வை வேறெங்கோ இருந்தது. கண்ணாடிக்கு வெளியே, சரக்கு ஏற்றும் மேடையருகே ஒரு லாரி நின்றிருந்தது. பெட்டிக் கட்டுகள் மேல்வரை அடுக்கப்பட்டிருக்க, தார்ப்பாய் பாதிதான் மூடியிருந்தது. ஓரத்துக் கட்டின்மேல் தூறல் விழுந்து, அட்டை கருத்துக்கொண்டிருந்தது. டிரைவர் கேபினில் காலை நீட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். தலையை வெளியே நீட்டினாள்.

"அண்ணே! பாட்டு அப்புறம் கேக்கலாம், தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்க முதல்ல! பெட்டி ஊறிப்போனா யாரு வாங்குவா?"

பின் சீட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டு விழித்து அழ ஆரம்பித்தன. டிரைவர் பதறியடித்துக்கொண்டு கீழே குதித்தான். மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.

"திங்கக்கிழமைலேர்ந்துதானே வேலை?" என்றார் கணவர், சாவியைத் திருகியபடி.

"கொஞ்சம் இருங்க" என்றாள் அவள், கதவைத் திறந்து மழையில் இறங்கி. "அந்தப் பக்கம் கயிறே கட்டலை."