மாட்டுக்குள் கேட்ட குரல்

நாடக வாத்தியார் மாட்டு வேஷத்துக்கு உடுப்புத் தைக்கச் சொன்னபோது, எத்தனை கெஜம் துணி என்று தையல்காரி கேட்கவில்லை. "முன்னங்காலு யாரு?" என்றாள்.

பின்னங்கால் யாரென்று அவளுக்குத் தெரியும். அவளுடைய புருஷன்தான்.

"அக்கரை தபால்காரம்மா," என்றார் வாத்தியார். "ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு பொருத்தம், போங்க!"

பொருத்தம் என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்றது.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் ஒரு நாடு. பேச்சு மட்டும் ஒன்று. ஒன்பது வருஷம் மூடிக் கிடந்த பாலத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்துபோகத் திறந்துவிட்டிருந்தார்கள். திறந்து என்ன? யாரும் யார் முகத்தையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இரண்டு ஊர் நகராட்சியும் சேர்ந்து வாத்தியாரைக் கூட்டிவந்து, சும்மா கிடந்த பழைய சுங்கக் கொட்டகையை அவர் கையில் கொடுத்தன. முதல் வாரம், மனஸ்தாபப்பட்ட சம்பந்திகள் மாதிரி எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்திருந்தவர்கள் நடுவே அவர் ஒரு பந்தை வீசினார். பிடிப்பவர் ஏதாவது ஒரு மிருகம் மாதிரிக் கத்த வேண்டும். பந்து தையல்காரியின் புருஷனிடம் வந்தது. லேத் பட்டறையில் வேலை. சின்ன வயசிலிருந்தே திக்குவாய். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் மாடு மாதிரிக் கத்திய கத்தலில் தகரக் கூரை அதிர்ந்தது. முதலில் கைதட்டியது அக்கரைக்காரர்கள்தான். அன்றைக்கே நாடகமும் முடிவாயிற்று. எல்லை தாண்டி மேய்ந்த ஒரு மாட்டுக்காக இரண்டு ஊரும் அடித்துக்கொள்கிற கதை. மாட்டுக்கு வசனம் கிடையாது என்றதும் தையல்காரியின் புருஷன் அந்த வேஷத்துக்குச் சரியென்று தலையாட்டிவிட்டார்.

அளவெடுக்கும் டேப்போடு தையல்காரி கொட்டகைக்குப் போனபோது, ஒரு பழைய போர்வை நான்கு காலில் நடந்து பழகிக்கொண்டிருந்தது. போர்வைக்குள்ளிருந்து ஆண் குரல் கேட்டது. "அன்னிக்கு முதலாளி எதிர்ல வர்றாரு. வணக்கம் சொல்லணும். வாய் வராது. என்ன பண்ணட்டும்? செருப்பு அறுந்த மாதிரி குனிஞ்சேன் பாருங்க, நேரா சாக்கடைக்குள்ள!" பெண் குரல் கலகலவென்று சிரித்தது.

யாரோ வேற்றாள் என்றுதான் முதலில் நினைத்தாள். செருப்பைப் பார்த்ததும் புரிந்தது. பதினாலு வருஷத்தில் அவர் ஒரு வாக்கியத்தை இப்படி மடமடவென்று முடித்து அவள் கேட்டதே இல்லை. இருட்டுப் போர்வைக்குள், இன்னொருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தங்குதடையில்லாமல் கொட்டுகிறது பேச்சு! சாக்கடையில் விழுந்த கதையும் அவளுக்குப் புதுசு.

போர்வையை விலக்கி வெளியே வந்த தபால்காரி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, வீட்லயும் இவர் இப்படித்தான் வாய் ஓயாம பேசுவாரா?" என்றாள்.

"இதைவிட அதிகம்," என்றாள் தையல்காரி. டேப்பைத் தபால்காரியின் இடுப்பில் சுற்றி, தேவைக்கு மேலேயே இறுக்கினாள்.

வீட்டுக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தாள். மாட்டின் வயிற்றை ஒன்றரை முழம் கூட்டித் தைத்தாள். உள்ளே முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் முரட்டுக் கித்தானில் ஒரு தடுப்பு வைத்து இரட்டைத் தையல் போட்டாள். ஒரு விரல்கூட நுழையாது. வாத்தியார் கேட்டதற்கு, "அது இல்லேன்னா முதுகு தொங்கிடும்," என்று கூசாமல் சொன்னாள்.

நாடகம் ஞாயிறு மத்தியானம் பாலத்தின் நடுவிலேயே நடந்தது. இரண்டு பக்கமும் கூட்டம். மாடு வரும்போதே நீளத்தைப் பார்த்து, "இது மாடா, ரயிலா?" என்று யாரோ கத்தினார்கள். முன்னங்கால் இடதுபுறம் திரும்பியது. பின்னங்காலுக்கு அது தெரியவில்லை. பிடித்துக்கொள்ள இடுப்புமில்லை, குரலும் எட்டவில்லை. நேரே போயிற்று. சர்ரென்று வயிறு கிழிந்து, மாடு இரண்டு துண்டாக விழுந்தது.

இரண்டு ஊரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. பின்பாதியிலிருந்து அவர் தலை வெளியே வந்தது. முகமெல்லாம் ரத்தம் ஏறிச் சிவந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்து, "ம... ம... ம..." என்றார்.

மாடு கத்துகிறது என்று நினைத்துவிட்டார்கள். ஜனங்கள் உற்சாகமாக "மா!" என்று திருப்பிக் கத்தினார்கள். அவர் சொல்ல முயன்றது 'மன்னிச்சுக்குங்க' என்று தையல்காரிக்குத் தெரியும். தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தாள். அதற்குள் தபால்காரி எழுந்து அவர் பக்கத்தில் நின்று, அவரைவிடப் பெரிதாக, "ம்ம்மா!" என்று கத்தினாள். அவர் திக்கல் அந்தச் சத்தத்தில் மறைந்துபோயிற்று. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த நிமிஷம் தையல்காரிக்குப் பொறாமையும் வெட்கமும் ஒன்றாக வந்தன. அந்த உபகாரத்தைச் செய்திருக்க வேண்டியது தானல்லவா! ஊசியும் நூலுமாக நடுவில் ஓடி, முட்டி போட்டு உட்கார்ந்து கிழிசலைச் சேர்த்தாள். ஜனங்கள் அதற்கும் கைதட்டினார்கள். துணியைப் பிடித்துக்கொடுக்கக் குனிந்த தபால்காரியிடம் தாழ்ந்த குரலில், "நான்தான் வேணும்னு தடுப்பு வச்சேன்," என்றாள்.

"தெரியும்க்கா. கித்தானைத் தொட்டப்பவே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் வாத்தியார்கிட்ட சொல்லலை?"

"சொன்னா உங்க வீட்டுக்காரருக்குத்தானே அசிங்கம்? நீங்க முதல்ல அந்தத் தடுப்பை வெட்டுங்க."

வெட்டினாள். பாக்கி நாடகமும் நடந்து முடிந்தது.

மறுநாள் காலை டீயை வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். "அவகிட்ட பேசுறீங்க. என்கிட்ட ஏன் வரமாட்டேங்குது?"

"நீ... நீ..."

"நான் திட்டுறேன்னா?"

அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். வெகுநேரம் உதடு போராடியது. "நீ மு... முடிச்சிடுற. அவ கா... காத்திருப்பா."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. பதினாலு வருஷமாக அவர் சிரமப்படக் கூடாதென்று கடைக்காரன், பட்டறை முதலாளி, உறவுக்காரர் எல்லாரிடமும் அவர் வார்த்தையைத் தன் வார்த்தையாகச் சொல்லி முடித்தது குற்றமா? கேட்க வாயெடுத்தாள். அவர் இன்னும் ஏதோ சொல்ல முயல்வதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பி... பி..."

'பிடிக்கும்' என்று வரப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. 'பிடிக்காது' என்றும் தோன்றியது. இரண்டையும் சொல்லாமல் சும்மா இருந்தாள். டீ ஆறி ஆடை கட்டியது.

"பி... பின்னங்கால் தொ... தொடையில ரொம்ப இறுக்குது."

ஒரு கணம் விழித்தவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அடுத்த ஞாயிறு அக்கரைச் சந்தையில் நாடகம். அதற்குள் தையலைப் பிரித்துத் தளர்த்தித் தருவதாகச் சொன்னாள். எழுந்து உள்ளே போனவள் பாதியில் திரும்பினாள்.

"இறுக்குதுன்னு அவகிட்ட சொன்னீங்களா?"

"சொ... சொல்லலை."

"சரி," என்றாள். கத்தரியைத் தேடி எடுக்கும்போது அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் குளிர்ந்தது.