ஒரு வளைவு தாண்டி

லண்டனுக்குள் படகோட்டி வருகிறவனுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். டெரிக்குக்கு அது பிறவியிலேயே கிடையாது. அவனோடு ஒரே படகில் ஆயுளில் பாதியைக் கழித்த லோர்னாவிடம் இருந்த கொஞ்சநஞ்சமும், பேடிங்டனைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது.

கரையில் இடமே இல்லை. கால்வாய் ஓரம் நெடுகப் படகுகள், ஒன்றின் வாலில் இன்னொன்றின் மூக்கு. அது போதாதென்று ஒவ்வொன்றின் விலாவிலும் இன்னொன்றைக் கட்டியிருந்தார்கள். கூரைகளில் சைக்கிள், விறகு, நிலக்கரி மூட்டை, வாடிய தக்காளிச் செடி. இத்தனையையும் இன்ஜினைத் தணித்து ஊர்ந்துதான் கடக்க வேண்டும். கொஞ்சம் வேகம் கூடினாலும் ஒரு ஜன்னல் திறக்கும், ஒரு தலை நீளும்.

"யோவ், மெதுவாப் போய்யா! டீயெல்லாம் மடியில கொட்டுது!"

"நாங்க நத்தை மாதிரிதான் போறோம்," என்று டெரிக் பதிலுக்குக் கத்தினான்.

"நத்தைக்கு இருக்கிற அறிவு உனக்கில்லையே!"

லோர்னா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. கெட்டிலை அடுப்பில் வைத்தாள், இறக்கினாள். குழந்தைக்கென்று தைத்த மெத்தையை மறுபடி உதறிப் போட்டாள். படகின் முன்பக்கம் போய் எட்டிப் பார்த்தாள், திரும்பிப் பின்பக்கம் வந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். இருப்புக் கொள்ளவில்லை.

"உக்காரேன் அம்மணி. நீ நடக்கிற நடைக்குப் படகே ஆடுது," என்றான் டெரிக்.

"மணி என்ன?"

"இப்பத்தானே கேட்ட."

"திரும்பக் கேக்குறேன். சொல்லு."

நாலு தாண்டியிருந்தது. ஆறு மணிக்கு மகள் டாம்சின் வருகிறாள். இஸ்லிங்டனில் சுரங்கத்தைத் தாண்டியதும் ஒரு செங்கல் பாலம் இருக்கிறது, அவள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். நாலு மாதக் குழந்தை ஹேட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்து, ராத்திரி படகிலேயே தங்குவதாகச் சொல்லியிருந்தாள். பதினேழு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனவள், அதற்கப்புறம் இந்தப் படகில் கால் வைத்ததில்லை. பெற்றவர்கள் பேத்தியைப் பார்த்ததே ஃபோனில்தான்.

போன வாரம் அவள் பேசியது லோர்னாவின் காதிலேயே நின்றது. "ஆறு மணிக்குப் பாலத்துக்கு வர்றேன்மா. படகு இருந்தா ஏறுறேன். இல்லன்னா திரும்பிப் போயிடுவேன். ஃபோன் பண்ணி, 'ஒரு வளைவு தாண்டி இருக்கோம், நடந்து வா'ன்னு மட்டும் சொல்லாத. அந்த வார்த்தைய இன்னொரு தடவை கேக்க எனக்குத் தெம்பில்ல."

அவள் சொன்னதில் தப்பில்லை. கால்வாய்க்காரர்களின் வியாதி அது. கட்டிய இடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்த வளைவுக்கு அப்பால் இதைவிட நல்ல இடம் இருக்கும், அங்கே வெயில் கூடுதலாக விழும், சாலை இரைச்சல் குறையும். இக்கரைக்கு அக்கரைப் பச்சை என்பது நமக்கெல்லாம் பழமொழி, டெரிக்குக்கு அதுதான் பிழைப்பு. டாம்சினுக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒருநாள், அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் படகை அவிழ்த்து அடுத்த வளைவில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். மகள் திரும்புவதற்குள் ஓரெட்டுப் போய் அழைத்துவரலாம் என்று நினைத்தார்கள். அன்றைக்கு மழை என்று பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். பிள்ளை வந்து பார்த்தால் வீடு இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தபோது, அவள் அழுகையெல்லாம் தீர்ந்து விக்கிக்கொண்டிருந்தாள். "ஒரு வளைவு தாண்டித்தானே இருந்தோம், கண்ணு," என்று டெரிக் சிரித்தான். அந்தச் சிரிப்பை டாம்சின் இன்னும் மன்னிக்கவில்லை. லோர்னாவும்தான், தன்னையும் சேர்த்து.

கேம்டன் லாக்குகளில் ஏகக் கூட்டம். படகைத் தண்ணீரோடு சேர்த்துக் கீழே இறக்குகிற அந்தக் கதவுகளை முதுகு கொடுத்துத் தள்ளித் திறந்தது லோர்னா. சுற்றி நின்று ஐஸ்கிரீம் நக்கியபடி படமெடுத்தது ஊர் ஜனம். "நகருங்க, நகருங்க, இது சினிமா இல்ல," என்று அவள் விரட்டியதையும் படமெடுத்தார்கள்.

சுரங்கத்துக்குள் நுழைந்தபோது ஐந்து மணி. இருட்டில் இன்ஜின் சத்தம் சுவரில் மோதி மோதித் திரும்பியது. எதிர்முனையில் பொட்டு வெளிச்சம் மெல்ல மெல்லப் பெருத்தது. லோர்னா முன்தளத்தில் கயிற்றைச் சுருட்டிக் கையில் பிடித்து, குதிக்கத் தயாராக நின்றாள்.

வெளியே வந்ததும் பாலம் தெரிந்தது. பாலத்தடியிலிருந்து இந்தப் பக்கமும் இடமில்லை, அந்தப் பக்கமும் இடமில்லை. ஒரு துடைப்பக்கட்டையைச் செருகக்கூட வழியில்லை. அப்போதுதான் லோர்னா, பாலத்தை ஒட்டிக் கட்டியிருந்த சிவப்புப் படகைப் பார்த்தாள். அதன் விலாவில் வேறு படகு இல்லை. தண்ணீர்ப் பக்கமாக ரப்பர் தடுப்புகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். 'வந்து கட்டிக்கொள்ளுங்கள், இடித்தாலும் பரவாயில்லை' என்று அதற்கு அர்த்தம். தளத்தில் ஒரு பெண் கையில் ஸ்பானரோடு நின்றிருந்தாள்.

லோர்னா பின்பக்கம் திரும்பி, "அதுதான்! அங்கதான்!" என்று கையை ஆட்டினாள்.

யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத டெரிக், தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "உங்க பக்கத்துல கட்டிக்கலாமாங்க? ஒரு ராத்திரிதான்."

"தாராளமாக் கட்டிக்கங்க தலைவரே," என்றாள் அந்தப் பெண். "ஆனா காலைல அஞ்சு மணிக்கு நாங்க கிளம்புறோம். எந்திரிச்சு வழி விடணும், பரவாயில்லையா?"

டெரிக்கின் முகம் சுண்டிவிட்டது. ஏனென்றால் அந்த வசனம் அவனுடையது. வடக்கே அவர்கள் இருக்கும் கால்வாய்களில் எவனாவது பக்கத்தில் கட்டலாமா என்ற பார்வையோடு நெருங்கினால், டெரிக் உடனே எடுத்துவிடுவது இதைத்தான்: 'கட்டுங்க, ஆனா நாங்க அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவோம்.' வந்தவன் நைசாக நழுவிவிடுவான். டெரிக் மறுநாள் பத்து மணிக்குப் பைஜாமாவோடு வெளியே வந்து கொட்டாவி விடுவான். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் அல்லவா?

"அஞ்சு மணிக்கா? ரொம்ப நல்லது. நல்லாத் தூங்குங்க," என்று சொல்லி இன்ஜினை முடுக்கிவிட்டான்.

முன்தளத்தில் நின்ற லோர்னாவுக்கு இந்தப் பேச்சு எதுவும் கேட்கவில்லை. சிவப்புப் படகு நெருங்கி வந்து, பக்கவாட்டில் நழுவி, பின்னால் போவதுதான் தெரிந்தது. பாலம் தலைக்கு மேல் கடந்தது. அவள் கயிற்றைப் போட்டுவிட்டு, படகின் விளிம்பைப் பிடித்தபடி பின்பக்கத்துக்கு ஓடிவந்தாள்.

"என்னய்யா பண்ற? ஏன் நிறுத்தல?"

"அஞ்சு மணிக்குக் கிளம்புறாளாம். கொல்லன் தெருவுல ஊசி விக்கிறா. நேரா முடியாதுன்னு சொல்லிட்டுப் போறதுதானே?"

"நாமளும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சா என்ன?"

"அடப் போம்மா, அது சும்மா சொல்றது. விடு. கொஞ்சம் முன்னாடி, ஒரு வளைவு தாண்டி..."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே உறைத்தது, வாயை மூடிக்கொண்டான்.

"அவ முன்தளத்தைப் பாத்தியா?" என்று லோர்னா கேட்டாள். "நங்கூரம் கிடக்குதுய்யா. சங்கிலியோட, கயித்தோட."

இடுப்பளவு தண்ணீர் ஓடும் கால்வாயில் எவனும் நங்கூரத்தை எடுத்து வெளியே வைக்க மாட்டான். தேம்ஸ் ஆற்றில் இறங்கப் போகிறவன்தான் வைப்பான். அங்கே கடல் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் கதவு திறப்பார்கள், அதைத் தவறவிட்டால் போச்சு. அந்தப் பெண் நிஜமாகவே ஐந்து மணிக்குக் கிளம்புகிறவள். படகுக்காரனாகப் பிறந்து வளர்ந்தவன் அந்த நங்கூரத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"திருப்பு," என்றாள் லோர்னா.

"எங்கடி திருப்புறது? படகோட நீளம் என்ன, கால்வாயோட அகலம் என்ன? லாக்கைத் தாண்டினாத்தான் திருப்ப இடம். போய்த் திரும்பி மறுபடி ஏறி வர ஒரு மணி நேரமாவது ஆகும்."

"அப்ப பின்னாடியே போ."

போகுமா? இந்த மாதிரி நீளப் படகு பின்னோக்கிப் போகும்போது சுக்கானுக்குக் கட்டுப்படாது. டெரிக் ரிவர்ஸ் போட்டான். வால் ஒரு பக்கம் போனது, மூக்கு எதிர்ப்பக்கம் போய் யாருடைய பூந்தொட்டியையோ தண்ணீரில் தள்ளியது. நாலு ஜன்னல் ஒரே நேரத்தில் திறந்தது.

"இன்ஜினை அணை," என்றாள் லோர்னா. பின்பக்கக் கயிற்றை எடுத்துக்கொண்டு பக்கத்துப் படகில் நின்ற கிழவரிடம், "ஐயா, உங்க படகு மேல ஏறிக் கரைக்குப் போகட்டுமா? என் பொண்ணு பாலத்துக்கு வர்றா. நாங்க அங்க இருக்கணும். பின்னாடி இழுத்துட்டுப் போகணும்," என்றாள்.

கேட்காமல் அடுத்தவர் படகில் கால் வைப்பது, அடுத்தவர் படுக்கையறைக்குள் நுழைகிற மாதிரி. அவள் கேட்டது கிழவருக்குப் பிடித்திருக்க வேண்டும். அல்லது அவள் முகத்தைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும். "நீ போம்மா, கயித்தை நான் தர்றேன்," என்றார்.

லோர்னா கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அத்தனை டன் இரும்பு. குதிகாலை மண்ணில் ஊன்றி மறுபடி சாய்ந்தாள். படகு முனகிக்கொண்டு அசைந்தது. கரைக்கும் அதற்கும் நடுவே கட்டிக் கிடந்த படகுகள்தான் தொல்லை. புகைபோக்கி, கொடிக்கயிறு, பூந்தொட்டி எல்லாவற்றுக்கும் மேலாகக் கயிற்றைக் கடத்த வேண்டியிருந்தது. கிழவர் தூக்கி அடுத்த படகுக்காரியிடம் கொடுத்தார். அவள் திட்டிக்கொண்டே வாங்கி அடுத்தவனிடம் கொடுத்தாள். "எவன்யா இவன், சனிக்கிழமை சாயங்காலம் தலைகீழாப் போறவன்?" என்று ஒருவன் கேட்டான். கேட்டானே தவிர, இறங்கிவந்து லோர்னாவுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

டெரிக் நீளக் கழியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படகிலும் இடிக்காமல் தள்ளித் தள்ளி விட்டான். ஒவ்வொருவரிடமும் "மன்னிச்சுக்கங்க," என்றான். வாழ்க்கையில் அதுவரை கேட்ட மன்னிப்பையெல்லாம் சேர்த்தாலும் அன்றைக்குக் கேட்டதில் பாதி தேறாது. அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது.

இன்னும் மூன்று படகு நீளம் இருக்கும்போது லோர்னா நிமிர்ந்து பார்த்தாள். பாலத்தின் மேல் தள்ளுவண்டி நின்றது. டாம்சின் சுரங்கத்துப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அப்பா அம்மா படகு இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு வண்டியைத் திருப்பினாள்.

லோர்னா கூப்பிட வாயைத் திறந்தாள், மூச்சுதான் வந்தது. அப்போது பின்னாலிருந்து டெரிக் கத்தினான். "டாம்சின்! இந்தப் பக்கம் பாருடி! பின்னாடியே வந்துட்டிருக்கோம்!"

டாம்சின் இந்தப் பக்கத்துச் சுவருக்கு வந்து எட்டிப் பார்த்தாள். வால் முன்னும் மூக்கு பின்னுமாக ஒரு படகு. கழியோடு அப்பா. தோளில் கயிறும் முகமெல்லாம் வியர்வையுமாக அம்மா. அம்மாவுக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர். அவள் சிரிக்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு சரிவு வழியாகக் கரைக்கு இறங்கி வந்தாள்.

"படகு பின்னாடி போகுமா?" என்று கேட்டாள்.

"போகாது," என்றாள் லோர்னா, மூச்சு வாங்க. "இழுத்தா வரும்."

சிவப்புப் படகுப் பெண் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக் கட்டினாள். அவள் பெயர் பெர்னடெட். "அப்பவே கட்டுங்கன்னுதானே சொன்னேன் தலைவரே?"

"அஞ்சு மணிங்கிறது நிஜம்னு தெரியாமப் போச்சு," என்று டெரிக் இழுத்தான்.

"பொய் சொல்றதுக்கு எனக்கென்ன வேண்டுதலா?"

டெரிக் கழியைக் கூரைமேல் வைக்கப் போய்விட்டான்.

உள்ளே டீ ஆறிக்கொண்டிருந்தது. ஹேட்டி பாட்டியின் மடியில் படுத்து, மேலே ஆடும் விளக்கைக் கண் கொட்டாமல் பார்த்தாள். டாம்சின் கோட்டைக் கழற்றாமல் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். லோர்னாவுக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் மகள் எழுந்து போய்விடக்கூடும்.

டெரிக் முந்திக்கொண்டான். "ஒண்ணுமில்ல கண்ணு, விடிகாலைல சின்னதா ஒரு..."

"நீ சும்மா இரு," என்றாள் லோர்னா. மகளைப் பார்த்து நேராகவே சொன்னாள். "டாம்சின், காலைல அஞ்சு மணிக்குப் பக்கத்துப் படகு கிளம்புது. நாம அவிழ்த்து வழி விடணும். அவங்க போனதும் அவங்க இருந்த இடத்துல கரையோட கட்டிக்குவோம். அவ்வளவுதான் நகரும். ஆனா நீ தூங்குறப்ப படகு நகரும். அதான் இப்பவே சொல்றேன்."

டாம்சின் டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ பாலத்தின் மேல் சைக்கிள் மணி அடித்துப் போனார்கள்.

"என்னை எழுப்பு," என்றாள்.

"எதுக்கும்மா? பச்சப்புள்ளக்காரி, நீ தூங்கு. நாங்க ரெண்டு பேரும் சத்தமில்லாம..."

"சத்தமில்லாம வேண்டாம். எழுப்புன்னு சொல்றேன்ல?" டாம்சின் நிமிர்ந்து பார்த்தாள். "கயித்தை நான் பிடிச்சுக்கிறேன். நான் பிடிச்சிருக்கிறப்ப நகரட்டும்."

லோர்னா ஃபோனை எடுத்து நாலே முக்காலுக்கு அலாரம் வைத்து, மகளிடமே கொடுத்தாள். டாம்சின் அதை வாங்கிக்கொண்டு கோட்டைக் கழற்றினாள்.