தரையோடு விரித்த வலை

...இல்லை, கண் பெரிதாக இருந்தால் சாரைப் பாம்பு, அப்படித்தான் எங்கோ படித்தாள், பெரிய வட்டக் கண், உதட்டோரம் கறுப்புக் கோடு, ஆனால் இதன் தலை கத்தரிச் செடிக்கு அடியில் இலைக்குள் புதைந்து கிடக்கிறது, கண்ணே தெரியவில்லை, தெரிவதெல்லாம் அவள் மணிக்கட்டுப் பருமனில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு உடம்பு, அதன்மேல் பச்சை நைலான் கண்ணி கண்ணியாக இறுகி, இறுகிய இடத்தில் செதில் தூக்கிக்கொண்டு... மூச்சு விடுகிறதா? விலா லேசாக ஏறி இறங்குகிறது, இல்லை, அது வெயிலில் காற்று நெளிவதுதானோ. உச்சி வெயில். தோட்டத்துச் சுவரைத் தொட்டால் கை பொசுங்குகிறது, மண் அதைவிட. பாம்புக்கு வியர்க்காது. வெளியே சூடு ஏறினால் உள்ளேயும் ஏறும், நிழலுக்கு ஓடுவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வழி, அந்த ஒரு வழியையும் அவள் ஆசையாக வாங்கி வந்த வலை அடைத்துவிட்டது.

அத்தை அன்றைக்கே சொன்னார். கணவனின் அம்மா எதையும் ஒரு தடவைதான் சொல்வார், அதுவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. தரையோட விரிக்காதே, நாலு குச்சி நட்டு மேல இழுத்துக் கட்டு. சரி அத்தை என்று தலையாட்டினாள், இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் ஆட்டுகிற அதே ஆட்டல், ஆட்டிவிட்டுக் குச்சி தேடச் சோம்பல்பட்டு நாற்றின் மேலேயே விரித்து ஓரத்தில் கல்லை வைத்தாள். அணில் தோண்டக் கூடாது, அவ்வளவுதான் அப்போது நினைப்பு. அணில் தோண்டவில்லை. இது வந்து மாட்டிக்கொண்டது. பாம்பு பிடிக்கிறவர் போனில் நிதானமாகப் பேசினார், தலைப்பக்கம் போகாதம்மா, நிழல் பண்ணு, ஈரத்துணி போடு, நான் ஊருக்கு அந்தக் கோடியில இருக்கேன், வர ஒரு மணி நேரமாவது ஆகும். ஈரத்துணி போட்டாயிற்று. போட்ட துணி அடுத்த வாளி நிரம்புவதற்குள் காய்ந்துவிட்டது. ஒரு மணி நேரம் என்றால் அவர் வந்து எதைப் பிடிப்பார்? முதலில் வாலை அடித்துக்கொண்டிருந்தது, இப்போது அதுவும் இல்லை.

அதற்குள் பக்கத்து வீட்டு லாரி டிரைவர் சுவர்மேல் சாக்கை மடித்துப் போட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார், கையில் இரும்புக் கம்பி. அக்கா, ம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஒரே போடு. அத்தை கம்பியைப் பார்த்தார், பாம்பைப் பார்த்தார், வாயைத் திறக்கப் போனார், அப்போது "வேண்டாம்!" என்று ஒரு சத்தம் கிளம்பியது, தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தத்தையும் தாண்டி, யார் கத்தியது என்று அவளே திரும்பிப் பார்த்தாள். டிரைவருக்குக் கம்பி நழுவப் பார்த்தது. "அட, உங்க மருமகளுக்குப் பேச வருமா அக்கா? நான் இத்தனை நாளா பாவம், வாய் பேசாத பொண்ணுன்னுல்ல நெனச்சேன்." "வருதுன்னு இப்ப தெரிஞ்சுதுல்ல, கம்பியை அந்தப் பக்கம் போடு," என்றார் அத்தை. பிறகு இவளிடம், "இது என்ன பாம்புன்னு உனக்குத் தெரியுமா? நீ படிச்சது பாம்பா?" "செடி, அத்தை." "செடி," என்று அத்தை திருப்பிச் சொன்னார், கல்லூரிப் படிப்பு மொத்தத்தையும் அந்த ஒரு சொல்லில் மூட்டை கட்டி மூலையில் வைத்தாற்போல. உள்ளே போனார். போய்விட்டார் என்று நினைத்தாள், கதவைச் சாத்தப் போகிறார், ராத்திரி மகனிடம் சொல்லப் போகிறார்... கறுப்புக் குடையோடு வந்தார். கையை முழுக்க நீட்டி, பாம்புக்கு மேலே விரித்துப் பிடித்தார். "இதுக்கு மேல ஒரு அடி வர மாட்டேன், சொல்லிட்டேன்."

அவள் கையில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல். வாலிலிருந்து ஆரம்பி. முதல் கண்ணி, நைலானுக்கும் தோலுக்கும் நடுவில் முனை நுழைய வேண்டும், நுழைகிறது, டிக். அடுத்தது. தவளையை அறுக்கச் சொன்ன வகுப்பில் பின்வரிசைக்கு நழுவியவள் அவள், நேர்முகத் தேர்வில் விடை நாக்கு நுனியில் இருந்தும் வாயைத் திறக்காமல் எழுந்து வந்தவள், வீட்டில் எல்லாரும் இவ ரொம்ப சாது என்றார்கள், சாது என்றால் என்ன, பயந்தாங்கொள்ளிக்கு மரியாதையான பெயர்... டிக். உடம்பு அவள் விரலுக்கடியில் சூடாக இருக்கிறது, இவ்வளவு சூடு இருக்கலாமா? கழுத்துப்பட்டையில் வியர்வை இறங்குகிறது, துடைக்க முடியாது. நல்ல பாம்பாக இருந்தால்? இருந்தால் இருக்கட்டும், இல்லை, இருக்கக் கூடாது, ஐயோ, கணவனுக்கு ஒரு போனாவது போட்டிருக்கலாம், போட்டிருந்தால் தொடாதே என்பான், அதனால்தான் போடவில்லை. டிக். நடுவில் ஒரு இடத்தில் நூல் சதைக்குள்ளேயே இறங்கியிருக்கிறது, சிவப்பு. மன்னிச்சுக்கோ. யாரிடம் சொல்கிறாள்? இன்னும் கழுத்தில் ஒன்றுதான். நீளக் குச்சியால் கத்தரி இலையை ஒதுக்கினாள், கண், பெரிய வட்டக் கண், உதட்டோரம் கறுப்புக் கோடு. சாரை, சாரைதான்! ஆனால் சாரையும் கடிக்கும், விஷம் இல்லை என்பதற்காகக் கடிக்காமலா இருக்கும், முகத்துக்கு நேரே இருக்கிறது, அவள் மூச்சு அதன்மேல் படுகிறது. பின்னால் அத்தையின் மூச்சும் கேட்கிறது. டிக்.

அசையவில்லை. வலை விலகிவிட்டது, பாம்பு மட்டும் வலையின் வடிவத்திலேயே கிடந்தது. தாமதமா? காலையிலேயே வந்து பார்த்திருந்தால், அந்தக் குச்சிகளை அன்றைக்கே நட்டிருந்தால்... நாக்கு. ஒரு தரம். மறுபடி. அப்புறம் யாரோ கயிற்றை மறுமுனையில் பிடித்து இழுப்பதுபோல நீளமாக அவள் முழங்காலை ஒட்டி நகர்ந்தது, தண்ணீர் டிரம்முக்கு அடியில் ஈர மண்ணுக்குள் தலை போயிற்று, உடம்பு போயிற்று, வால் போயிற்று. "பொழைச்சிருச்சு போ," என்று டிரைவர் அந்தப் பக்கம் குதித்தார். அவள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து மிச்ச வலையைச் சுருட்டினாள், சுருட்டும்போதுதான் பார்த்தாள், பாம்பு கிடந்த இடத்தில் பளீரென்று வெயில், வெட்டிய நைலான் துண்டுகள் அதில் மினுங்குகின்றன, குடையின் வட்ட நிழல் அவளைச் சுற்றி, சரியாக அவள் முதுகையும் பிடரியையும் மூடி. குடை எப்போது நகர்ந்தது? பாம்பு போன பிறகா? அதற்கு முன்பேவா? ஒரு அடி வர மாட்டேன் என்ற கால்கள் அவள் குதிகாலை ஒட்டி நிற்கின்றன. செருப்பில்லை. கொதிக்கிற மண்ணில் விரல்கள் மடங்கி மடங்கி விரிகின்றன. உள்ளே போங்க அத்தை, கால் சுடும்... அவ்வளவுதான் சொல்ல வேண்டும், நான்கைந்து சொல், சற்று முன் தெருவுக்கே கேட்கக் கத்திய அதே வாய்தான், அது இப்போது எங்கே போய் ஒளிந்துகொண்டது? சுருட்டிய வலையைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து சுருட்ட ஆரம்பித்தாள், குடை அசையவில்லை.